எண்ணெய் கடைசியில் வரட்டும்

கைத்துப்பாக்கியைத் துடைத்து வைக்க எந்த எண்ணெய் நல்லது என்று பத்துப் பேரிடம் கேட்டால் பத்துப் பெயர் வரும். அமெரிக்காவில் துப்பாக்கிச் சாமான் விற்கும் கடைகளில் இதற்கென்றே ஓர் அலமாரி நிறையப் பாட்டில்கள் இருக்கும். சுத்தம் செய்வது, உராய்வைக் குறைப்பது, துருப் பிடிக்காமல் காப்பது என்ற மூன்று வேலைகளையும் நாம் 'எண்ணெய் போடுவது' என்ற ஒரே பேச்சில் அடக்கிவிடுகிறோம். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. துப்பாக்கிக்குள் என்ன அழுக்குத் தங்கியிருக்கிறது என்று தெரிந்துகொள்ளாமல் எண்ணெயைத் தேர்ந்தெடுக்கவே முடியாது என்பதுதான் இன்றைக்கு நான் சொல்ல வந்தது. இதற்கு நூறாண்டுக்கு முந்தைய ஓர் ஆராய்ச்சியே சாட்சி.

தோட்டாவின் அடிப்பாகத்தில் நடுவே சிறியதாக, வட்டமாக ஓர் உலோக மூடி இருக்கும். அதன் பெயர் பிரைமர். துப்பாக்கியின் ஊசி அதன் மேல் அடித்ததும் அதற்குள் இருக்கும் கலவை பற்றிக்கொண்டு வெடிமருந்தைக் கொளுத்தும். பழைய காலத்தில் அந்தக் கலவையில் பொட்டாசியம் குளோரேட் சேர்ப்பார்கள். அது எரிந்த பிறகு குழலுக்குள் மிஞ்சுவது பொட்டாசியம் குளோரைடு, நாம் சமையலில் போடும் உப்புக்கு நெருங்கிய உறவு. புகை கக்கும் பழைய வெடிமருந்து இருந்தவரை இதனால் பெரிய தொல்லை இல்லை. அந்த மருந்து அள்ளிக் கொட்டியதுபோலக் கரியைப் படியவிடும். அதைக் கழுவச் சுடுதண்ணீர் ஊற்றியே ஆக வேண்டும். கரியோடு உப்பும் கரைந்து போய்விடும். 1880களில் புகையில்லா மருந்து வந்தது. குழல் பார்வைக்குச் சுத்தமாக இருந்ததால் தண்ணீர் எதற்கு என்று விட்டுவிட்டு, எண்ணெய் தோய்த்த துணியால் துடைத்து வைத்தார்கள். கொஞ்ச நாளில் எடுத்துப் பார்த்தால் உள்ளே துரு. புது மருந்து விட்டுப்போகும் அமிலம்தான் இரும்பைத் தின்கிறது என்று நினைத்து, அதை முறிக்கக் காரம் கலந்த திரவங்களைத் தேடினார்கள். துரு நிற்கவில்லை. 1922இல் அமெரிக்கச் சுரங்கத் துறையின் வேதியியலாளர் வில்பர்ட் ஹஃப் இதை ஆராய்ந்து ஓர் அறிக்கை வெளியிட்டார். எண்ணெய்ப் படலத்துக்கு அடியில் நடக்கும் அரிப்பு என்பதே அதன் பொருள். குற்றவாளி பிரைமரிலிருந்து வந்த உப்பு. எண்ணெய் பூசியிருந்தாலும் அந்த உப்பு காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொண்டு, அடியில் இருக்கும் இரும்பை அரித்துக்கொண்டே இருக்கிறது. நேயர்களே, வீட்டிலேயே இதைச் சோதித்துப் பார்க்கலாம். ஒரு கரண்டி நல்லெண்ணெயில் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டுக் கலக்குங்கள். எவ்வளவு நேரம் கலக்கினாலும் உப்பு அடியில் அப்படியே கிடக்கும். இரண்டு சொட்டுத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள், அது கரையத் தொடங்கிவிடும்.

அது பழங்கதை, இன்றைய தோட்டாக்களில் அந்தக் கலவை இல்லையே என்று ஒருவர் கேட்கலாம். பெருமளவுக்குச் சரிதான். 1920களின் பிற்பகுதியிலிருந்து துரு உண்டாக்காத பிரைமர்கள் கடைக்கு வரத் தொடங்கிவிட்டன. அமெரிக்க ராணுவமும் 1950களில் பெரும்பாலும் மாறிவிட்டது. ஆனால் சோவியத் டோக்கரெவ் பிஸ்டலுக்கான பழைய ராணுவத் தோட்டாக்களை இன்றும் வாங்கிச் சுடும் சேகரிப்பாளர்கள் இருக்கிறார்கள். அவற்றில் பலவும் அந்த உப்பு வகைதான். அவர்களில் சிலர் கண்ணாடி துடைக்கும் அமோனியாத் திரவத்தைக் குழலில் அடித்து, அமோனியா உப்பை முறித்துவிட்டது என்று நம்புகிறார்கள். முறிப்பதற்கு அங்கே அமிலம் எதுவும் இல்லை. வேலையைச் செய்வது அந்தத் திரவத்தில் இருக்கும் தண்ணீர்தான். ஆகவே முதலில் சுடுதண்ணீர், பிறகு ஈரம் போகத் துடைத்தல், அதற்குப் பிறகே எண்ணெய். 1904இல் ஜெர்மனியில் உருவான பாலிஸ்டால் எண்ணெய் தண்ணீரோடு பால்போலக் கலக்கும். பழைய தோட்டா சுடுபவர்களுக்கு அது பிடித்துப்போனதற்கு அந்தக் குணமே காரணம்.

இன்றைய தோட்டாக்கள் விட்டுச் செல்வது கரியும், ஈயமும், செம்பும். இவற்றுக்குக் கரைப்பான் வேண்டும். 1903 முதல் விற்பனையில் இருக்கும் ஹாப்பீஸ் நம்பர் 9 அந்த வகை. செம்பைக் கரைக்கும் அமோனியாக் கரைப்பானை நிக்கல் முலாம் பூசிய துப்பாக்கியில் ஊறவிடக் கூடாது, முலாம் உரிந்துவிடும். அழுக்குப் போன பிறகுதான் உராய்வைப் பற்றிய பேச்சு. நிறையப் போட்டால் நல்லதுதானே என்று தோன்றும். வழியும் எண்ணெயில் கரியும் தூசியும் சேர்ந்து தேய்க்கும் பசையாகிவிடும். ஊசி ஓடும் துளையில் எண்ணெய் தேங்கினால் அழுக்குச் சேர்ந்து ஊசியின் அடி வலுவிழக்கும். தோட்டாவின் பிரைமருக்குள் இறங்கினால் மருந்து பற்றாமலே போகலாம். கிளாக் பிஸ்டலின் கையேட்டைப் பாருங்கள். குறிப்பிட்ட சில இடங்களில் மட்டும் சொட்டுக் கணக்கில் எண்ணெய் போடச் சொல்கிறது. அதில் முக்கியமான இடம், டிரிகரிலிருந்து பின்னோக்கிச் செல்லும் டிரிகர் பார் என்ற பட்டையின் பின்முனை, கனெக்டர் என்ற சிறு தகட்டைத் தொடும் மூலை. ஒரு சொட்டு போதும், ஆனால் அந்தச் சொட்டு இல்லாவிட்டால் டிரிகர் இறுகிப் பாகங்கள் தேயும். ஊசித் துளைக்குள் எண்ணெயே கூடாது என்றும் அதே கையேடு சொல்கிறது.

அமெரிக்க ராணுவமே மூன்று வேலைக்கும் சிஎல்பி என்ற ஒரே எண்ணெயைக் கொடுக்கிறதே என்பது வலுவான கேள்வி. அடிக்கடி துப்பாக்கியைப் பிரித்துத் துடைக்கும் சிப்பாய்க்கு அது போதும். மூன்று பாட்டில் சுமக்க அவரால் முடியாது. அதே ராணுவம் கடுங்குளிருக்கென்று தனியாக மெல்லிய எண்ணெய் வைத்திருக்கிறது, ஏனென்றால் குளிரில் இறுகும் எண்ணெய், பிஸ்டலின் மேலே முன்பின் ஓடும் ஸ்லைடைப் பிடித்து நிறுத்தும். மாதக்கணக்கில் பெட்டிக்குள் கிடக்கும் துப்பாக்கிக்கோ துருக்காப்பு எண்ணெய்தான் தேவை. டபிள்யூடி-40 போதாதா என்பது இன்னொரு கேள்வி. 1953இல் சான் டியேகோவில் ஈரத்தை விரட்டுவதற்காகச் செய்த கலவை அது. அந்த வேலையை நன்றாகவே செய்யும். அதன் பெரும்பகுதி ஆவியாகிப் போய்விடுவதால், ஸ்லைடு ஓடும் தடத்தில் நீண்ட நாள் நிற்கும் என்று நம்ப முடியாது.

நேரம் நெருங்குகிறது. எதைத் தொடுவதற்கு முன்பும் துப்பாக்கியில் தோட்டா இல்லை என்று கண்ணாலும் விரலாலும் உறுதி செய்யுங்கள். சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் உரிமம் வைத்திருப்பவர்களுக்கும் விளையாட்டுக்காகச் சுடுபவர்களுக்கும் இன்னொரு வார்த்தை: பிரைமரில் உப்பு இல்லாவிட்டாலும் கைவியர்வையிலும் கடற்காற்றிலும் அது இருக்கிறது. முதலில் அதைத் துடையுங்கள். அடுத்த முறை கடைக்காரர் பாட்டிலை நீட்டும்போது, எந்த அழுக்குக்கு, எந்த இடத்துக்கு, எவ்வளவு காலத்துக்கு என்று கேட்டு வாங்குவீர்கள் என்ற நம்பிக்கையோடு விடைபெறுகிறேன்.