கணக்கு நோட்டைத் திறக்கும் அருள்



எரிகோவில் காட்டு அத்தி மரத்தில் ஏறியிருந்த சக்கேயுவை இயேசு பெயர் சொல்லி அழைத்து, அவர் வீட்டில் தங்கினார் (லூக்கா 19). வரிப்பணத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. சக்கேயு தாமாகவே எழுந்து நின்றார்: உடைமையில் பாதி ஏழைகளுக்கு, ஏமாற்றிப் பெற்றிருந்தால் நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாகச் சொன்னார்.

அருள் இலவசம்தான். ஆனால் அது வீட்டுக்குள் வந்துவிட்டால் கணக்கு நோட்டு மூடிக் கிடக்காது.

நற்கருணை வாங்கி வீடு திரும்பும் நம்மிடம், வீட்டுவேலை செய்யும் அக்காவின் சம்பளம் பாக்கி நிற்கிறதா? தம்பியின் பங்கு நிலம் இன்னும் நம் கையில் இருக்கிறதா? நாம் மன்னிப்புக் கேட்க வேண்டியவர் அடுத்த தெருவிலேயே இருக்கிறாரா?

இன்று பொழுது சாய்வதற்குள் ஒரு கடனையாவது தீர்ப்போம். ஆமென்.