படம் தெரிவதற்காகப் பூட்டைக் கழற்ற வேண்டாம்

(கொடைக்கானலில் நடந்த முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



பத்து நிமிஷம்தான் கொடுத்திருக்கிறார்கள். ஆகவே ஒரே விஷயம். 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவு நின்றுபோனது. அதிலிருந்து, "பழைய லேப்டாப்பில் லினக்ஸ் போட்டுக்கொடு" என்று என்னிடம் கேட்பவர்கள் கூடிவிட்டார்கள். லினக்ஸ் நமக்குப் புதிதல்ல. தமிழக அரசு 2011-ல் வழங்கத் தொடங்கிய மாணவர் லேப்டாப்பிலேயே சி-டாக்கின் 'பாஸ் லினக்ஸ்' வந்தது. எத்தனை பேர் அதைத் திறந்து பார்த்தீர்கள் என்று நான் கேட்கப் போவதில்லை. (சிரிப்பு)

வில்பட்டிப் பக்கம் விடுதி நடத்தும் நண்பர் ஒருவர். தங்க வருகிறவர்களின் ஆதார் நகல், பேங்க் கணக்கு, ஜி.எஸ்.டி. எல்லாம் ஒரே மெஷினில். லினக்ஸ் போட்டதும் வீடியோ ஓடும்போது திரை குறுக்கே கிழிந்த மாதிரி தெரிந்தது. உள்ளே இருப்பது என்விடியா கார்டு. கீழே ஊரில் ஒரு கடைக்காரர் 'செக்யூர் பூட்'டை அணைத்துவிட்டு, என்விடியாவின் பழைய டிரைவரை ஏற்றிக் கொடுத்தார். படம் பளிச்! நண்பருக்கு ஏக சந்தோஷம். எனக்குத்தான் வயிற்றைக் கலக்கியது.

ஏனென்றால் கிராஃபிக்ஸ் டிரைவர் கர்னலுக்குள்ளேயே ஓடுகிற ஆள். அங்கே ஓட்டை விழுந்தால் மெஷின் முழுக்கப் போச்சு. கையெழுத்தில்லாத ஆளைக் கர்னலுக்குள் விடாமல் தடுப்பதில்தான் செக்யூர் பூட்டுக்கு வேலை. 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கு வரும் வண்டிக்கு இ-பாஸ் வேண்டும். பாஸ் இல்லை என்றால் பாஸ் எடுப்போமா, சாவடியையே பெயர்த்துப் போடுவோமா?

பாஸ் எடுப்பது கஷ்டமில்லை. உபுண்டுவில் டிரைவர் நம் மெஷினிலேயே தயாராகும்போது ஒரு பாஸ்வேர்டு கேட்கும். மறுபடி ஸ்டார்ட் செய்தால் நீலத்திரை வரும். வைரஸ் என்று பயந்துவிடாதீர்கள். பத்து விநாடிக்குள் ஏதாவது ஒரு கீயைத் தட்டி, 'என்ரோல் எம்.ஓ.கே.' என்பதைத் தேர்ந்து, அதே பாஸ்வேர்டைக் கொடுக்க வேண்டும். விட்டுவிட்டால் மெஷின் கிளம்பும், டிரைவர் ஏறாது. அந்த நேரத்தில் நெட் வழியாக உள்ளே புகுந்து நான் உதவவும் முடியாது. போனில்தான் சொல்ல வேண்டும். மழைக்காலத்தில் இங்கே சிக்னல் லட்சணம் உங்களுக்கே தெரியும்.

ஆனால் நண்பரின் கார்டைப் பார்த்தால் 'கெப்லர்' வகை. அதற்கான 470 வரிசை டிரைவருக்கு என்விடியா 2024-லேயே கையை விரித்துவிட்டது. அதற்கும் முந்தைய 'ஃபெர்மி'க்கான 390 வரிசை 2022-லேயே முடிந்தது. இனி ஓட்டை தெரிந்தாலும் அடைக்க ஆளில்லை. கையெழுத்துப் போட்டு என்ன பயன்? அதைக் கழற்றி எறிந்துவிட்டு, கர்னலோடு வரும் 'நூவோ' டிரைவருக்கே திரும்பினேன். செக்யூர் பூட்டையும் போட்டாயிற்று. வேகம் குறைவுதான், அவர் என்ன கேமா ஆடப் போகிறார்?

சரி, கிழிந்த திரை? 1987-இல் வந்த 'எக்ஸ் 11'-ஐ விட்டு 'வேலேண்டு'க்கு மாற்றியதும் அது போய்விட்டது. இதில் இன்னொரு லாபமும் உண்டு. எக்ஸ் 11-இல் ஒரு புரோகிராமில் நீங்கள் தட்டும் பேங்க் பாஸ்வேர்டை இன்னொரு புரோகிராம் சத்தமில்லாமல் ஒட்டுக்கேட்கலாம். வேலேண்டு அதற்கு இடம் கொடுப்பதில்லை.

புதிதாக வாங்குகிற தம்பிமார்களுக்கு: லினக்ஸ்தான் என்றால் இன்டெல் அல்லது ஏ.எம்.டி. கிராஃபிக்ஸ் பாருங்கள். டிரைவர் கர்னலிலேயே இருக்கிறது, அப்டேட்டும் கூடவே வரும். என்விடியாவும் 2022-இல் தன் கர்னல் பகுதியைத் திறந்துவிட்டது. 'டூரிங்' வகைக்கு முந்தைய கார்டுகளுக்கு அது உதவாது.

லேப்டாப் கொண்டு வந்திருப்பவர்கள் சாப்பிட்டுவிட்டு வாருங்கள், உட்கார்ந்து பார்ப்போம். சார்ஜரும் கையோடு வரட்டும்.