வழிபாட்டில் பாட்டும் பந்தியும்



கிறித்தவ வழிபாடு ஒரு பண்பாட்டிலிருந்து மற்றொரு பண்பாட்டிற்குச் செல்லும் இடமெல்லாம் பாட்டைப் பற்றிய வழக்கொன்று எழுந்துள்ளது. வந்தவர் கொணர்ந்த மெட்டில் பாடுவதா, மண்ணில் பிறந்த மெட்டில் பாடுவதா என்பதே அவ்வழக்கு. இதனை இசை வல்லுநர்க்குரிய சிக்கல் என்று ஒதுக்கிவிட இயலாது. எந்தக் கலை ஆலயத்துள் இடம்பெறுகிறதோ, அக்கலைக்குரிய மக்களும் அங்கே மதிப்புப் பெறுகின்றனர். எது வாயிலில் நிறுத்தப்படுகிறதோ, அதற்குரியோரும் வாயிலிலேயே நிற்க நேர்கிறது. தமிழ்ச் சீர்திருத்தத் திருச்சபையின் இசை வரலாறு இதனைத் தெளிவாகக் காட்டுகிறது.

1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்குவும் அவர் வழிவந்தோரும் செருமானியப் பாடல்களை அவற்றின் மெட்டு மாறாமல் தமிழாக்கினர். பின்னர் பப்ரிசியசு இப்பணியைச் செம்மைப்படுத்தினார். எனினும் செருமானிய யாப்பு அசையழுத்தத்தால் நடப்பது. தமிழ் யாப்போ குறிலும் நெடிலும் ஒற்றும் சேர்ந்த அசையால் நடப்பது. ஆகவே மெட்டின் அழுத்தம் சொல்லின் இயல்பான ஓட்டத்தோடு பல இடங்களில் முரண்பட்டது. நெடில் குறுகவும் குறில் நீளவும் நேர்ந்தன. பக்தி இருந்தது, பாடுவோர் நாவுக்கு அது முழுதும் பழகவில்லை.

இக்குறையைப் போக்கியவர் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864). சுவார்ட்சு ஐயரிடம் கல்வி பெற்ற இவர், சரபோசி மன்னரின் நண்பராகவும் விளங்கினார். பல்லவி, அனுபல்லவி, சரணம் என்னும் கீர்த்தனை அமைப்பையும், மக்கள் விரும்பிக் கேட்ட சிற்றிலக்கிய வடிவங்களையும் திருச்சபைக்குரியனவாக்கினார். குறவஞ்சியின் தலைவியும் குறத்தியும் சிங்கனும் இவருடைய 'பெத்லகேம் குறவஞ்சி'யில் கிறித்தவப் பொருள் பெறுகின்றனர். எதுகையும் மோனையும் தாளத்தோடு இசைந்து வந்தபோது, விவிலியச் செய்தி தமிழர்க்கு அயல்மொழிச் செய்தியாகத் தோன்றவில்லை. இன்றும் ஆலயங்களில் இவருடைய பாடல்கள் ஒலிக்கின்றன.

ஆயினும் இவ்வரலாற்றில் மறைக்கக் கூடாத பகுதியொன்று உண்டு. பின்வந்த இளைய மறைப்பணியாளர்கள் விவிலியத்தின் பழைய தமிழாக்கத்தை மாற்ற முற்பட்டனர். விழாக்களில் மலரை விலக்கினர். வழிபாட்டில் தமிழிசைக்குத் தடை விதித்தனர். சாதி வேறுபாட்டைக் கைவிட வேண்டுமென்றும் வற்புறுத்தினர். 1820களின் இறுதியில் சாஸ்திரியார் இந்நான்கையும் எதிர்த்து எழுதினார். தமிழ்ப்பாட்டுக்காக வாதாடிய அதே எழுதுகோல், சாதிப் பிரிவினைக்காகவும் வாதாடியது. மறுபுறம், சமத்துவம் பேசியவர்களோ மக்களின் பாட்டையும் பூவையும் பறித்தனர். ஒரு பக்கம் பாட்டிருந்தது, பந்தி இல்லை. மறுபக்கம் பந்தியிருந்தது, பாட்டு இல்லை. இவ்விரண்டும் பிரிந்து நின்றதே தமிழ்த் திருச்சபையின் நெடுநாள் துயரம்.

இரண்டையும் ஒருங்கே சேர்க்க முயன்றவர், மதுரை அரசரடியிலுள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரியின் பேராசிரியர் தியாபிலஸ் அப்பாவு (1940–2005). 'பரட்டை அண்ணன்' என்னும் பெயரால் அறியப்பட்ட இவர், நாட்டுப்புற இசையில் முழு வழிபாட்டு முறையொன்றையே அமைத்தார். ஒருவர் பாட மற்றவர் திருப்பிப் பாடும் முறைக்குப் புத்தகம் வேண்டியதில்லை. நீண்ட பயிற்சியும் வேண்டியதில்லை. எழுத்தறியாக் கூலிப்பெண்ணும் முதல் அடியிலேயே கலந்துகொள்ளலாம். இறைவனைப் 'பெத்தவரே' என்று விளித்தார். தந்தை, தாய் இருவரையும் அடக்கும் பேச்சுவழக்குச் சொல் அது. ஓர் உலையில் பொங்கிய சோற்றை எல்லாரும் உண்பதே திருவிருந்தின் பொருள் என்று விளக்கினார்.

பறையை ஆலயத்துள் கொண்டுவருவது எளிதாக இருக்கவில்லை. சாவுக்கு அடிக்கும் கருவி என்று சிலர் மறுத்தனர். பறையடிக்குமாறு தலைமுறை தலைமுறையாகக் கட்டாயப்படுத்தப்பட்டவர்களுள்ளும் சிலர், அடிமைத்தனத்தின் அடையாளத்தை மீண்டும் ஏன் தொட வேண்டும் எனக் கேட்டனர். அக்கேள்வி நியாயமானது. பிறர் ஏவலால் அடிப்பதற்கும், தாமே விரும்பித் தம் இறைவன் முன் அடிப்பதற்கும் உள்ள வேறுபாட்டை நிலைநாட்டும் பொறுப்பு சபை முழுவதையும் சார்ந்தது. விழா நாளில் பறையை மேடையேற்றிவிட்டு, அதை அடித்தவருக்குக் கல்லறைத் தோட்டத்தில் தனி மூலை ஒதுக்கும் சபை புதுப்பிக்கப்பட்ட சபை ஆகாது.

கடல் கடந்த நாடுகளிலும் இக்கேள்வி எழுந்ததுண்டு. 1963 திசம்பர் 4இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட வழிபாட்டுக் கொள்கைத் திரட்டு, அந்தந்த மக்களின் இசைமரபுக்கு உரிய மதிப்பளிக்குமாறு பணித்தது. அதற்கு முன்பே, 1958இல், காங்கோவில் ஆப்பிரிக்க இசைமரபில் 'மிசா லூபா' உருவாகியிருந்தது. அங்கு இலத்தீன் சொற்கள் மாறவில்லை, இசையே மாறியது. 1988இல் உரோமை ஒப்புதல் அளித்த சயீர் வழிபாட்டு முறையில் மாற்றம் மேலும் ஆழமாயிற்று. பீடத்தைச் சுற்றி ஆடலும், புனிதரோடு முன்னோரை அழைக்கும் மன்றாட்டும் வழிபாட்டின் அமைப்பிலேயே இடம்பெற்றன. மெட்டு மாற்றத்தில் தொடங்கியது, முன்னோரை மதிக்கும் மாற்றமாக முதிர்ந்தது.

இவ்வரலாற்றில் கவிஞர்க்கு வேலை உண்டு. பல்வேறு பண்பாட்டுக் கலைகளை ஒரு தட்டில் அடுக்கிவைப்பது காட்சியாகலாம், வழிபாடாகாது. இதுவரை கேட்கப்படாத நாவுக்குப் பொருந்தும் சொல்லைத் தேடித் தருவதே பாட்டெழுதுவோர் கடமை. உழைப்பவர் வாய்மொழியில் தாளம் உண்டு, உவமை உண்டு, இறைவனோடு வழக்காடும் உரிமைக்குரலும் உண்டு. அதனைக் கொச்சை என்று தள்ளாமல் செவிமடுக்கும் கவிஞரே புதிய பாட்டைத் தர வல்லவர். ஆனால் அப்பாட்டு நிலைபெற வேண்டுமானால், பாடியவர் அனைவரும் பாட்டு முடிந்தபின் ஒரே பந்தியில் அமர வேண்டும்.