தாத்தாவின் தம்பி எங்கே?

(‘மக்கள் நலம் காக்கப் பெரிதும் வேண்டியது அரசின் பணமா? மக்களின் பழக்கமா?’ என்ற பட்டிமண்டபத்தில், ‘அரசின் பணமே’ அணியில் இரண்டாவதாகப் பேசியது)

‘இவன் என்ன உளறப்போகிறான், எங்கே மடக்கலாம்’ என்று காகிதமும் கையுமாக உட்கார்ந்திருக்கிற எதிரணி நண்பர்களே!

எனக்கு முன்னாலே பேசிய அம்மா ரொம்ப அழகாகப் பேசினாங்க. “எங்க தாத்தா கேழ்வரகுக் கூழ் குடிச்சார், வேப்பங்குச்சியில பல் விளக்கினார், தொண்ணூத்தி மூணு வயசு இருந்தார், உடம்புல ஒரு ஊசி ஏறினதில்லை. இதுக்கு அரசாங்கமா பணம் குடுத்தது?” என்று கேட்டாங்க. நீங்க எல்லாரும் கை தட்டினீங்க. நானும் தட்டினேன். (சிரிப்பு)

அம்மா, ஒரே ஒரு கேள்வி. உங்க தாத்தா கூடப் பிறந்தவங்க எத்தனை பேருன்னு கேட்டீங்களா? தொண்ணூத்தி மூணு வரைக்கும் இருந்தவர் உங்களை மடியில வச்சுக் கதை சொல்லிட்டார். மூணு வயசுல போன அவர் தம்பி யார்கிட்ட வந்து சொல்லுவான்? (கைதட்டல்)

எங்க அப்பாயி பதினோரு பிள்ளை பெத்துச்சு. தங்கினது நாலு. அதுவும் கூழ்தான் குடிச்சுச்சு. அதே வேப்பங்குச்சிதான். விடியக்காலம் எழுந்து வாசல்ல சாணம் தெளிக்காத நாள் கிடையாது. பழக்கவழக்கத்துல ஒரு குறை சொல்ல முடியாதுங்க. அப்புறம் ஏன் ஏழு போச்சு? ரெண்டு அம்மையில. ஒண்ணு வாந்திபேதியில. ஒண்ணு பிறந்த எட்டாம் நாள் ஜன்னி கண்டு, விரல் எல்லாம் இறுகிப் போச்சாம். அதுக்குப் பேர்கூட வைக்கலை. மத்த மூணும் எதனால போச்சுன்னே அதுக்குத் தெரியாது. சாயங்காலம் திண்ணையில உட்கார்ந்து விரலை மடக்கி மடக்கி அந்தப் பேரை எல்லாம் சொல்லும். பேர் வைக்காத பிள்ளைக்கு வெறும் விரல் மட்டும் மடங்கும்.

அந்த அம்மையை விரட்டியது எது? வேப்பிலையா? வீடு வீடாக ஆள் அனுப்பி, கையைப் பிடித்துக் குத்தினார்கள். 1975-க்குப் பிறகு இந்த நாட்டிலே பெரியம்மை கிடையாது. அந்த எட்டாம் நாள் ஜன்னி? கர்ப்பிணிக்குப் போடுகிற தடுப்பூசியும், சுத்தமான கையால் பார்க்கிற பிரசவமும் சேர்ந்து அதை ஒடுக்கின. தாய்க்கும் சிசுவுக்கும் வருகிற அந்த ஜன்னியை இந்தியா ஒழித்துவிட்டது என்று 2015-இல் உலக சுகாதார நிறுவனமே அறிவித்தது.

போலியோவுக்கு ‘ரெண்டு சொட்டுத்தானே’ என்று எதிரணி சுலபமாகச் சொல்லிவிட்டது. அந்த ரெண்டு சொட்டு கிட்டங்கியிலிருந்து கிராமத்துக்கு வரும்வரை குளிர் குறையக் கூடாதுங்க. அதற்குக் குளிர்பதனப் பெட்டி வேணும், பெட்டிக்குக் கரண்ட் வேணும், கரண்ட் போனால் ஜெனரேட்டர் வேணும், தோளில் மாட்டுகிற பெட்டிக்கு ஐஸ் வேணும். 1995-இல் நாடு முழுக்கத் தொடங்கினார்கள். விடாமல் வருஷா வருஷம் கொடுத்து, 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்தில் ஹவுராவில் ஒரு சிறுமி, அவளோடு நின்றது. எந்தப் பழக்கவழக்கம் ஐஸ் வாங்கிக் கொடுக்கும்? (சிரிப்பு, கைதட்டல்)

நடுவர் அய்யா சிரிக்கிறார். ‘அரசாங்கம் பணம் போட்டால் அது போய்ச் சேருமா தம்பி’ என்று அந்தச் சிரிப்புக்கு அர்த்தம். நியாயமான சந்தேகம். நானே பட்டவன். எங்க அப்பாவைச் சேர்த்திருந்த ஆஸ்பத்திரியில சீட்டை நீட்டி ‘வெளியில வாங்கிக்கங்க’ன்னாங்க. அம்மா காதுல இருந்தது கடைக்குப் போச்சு, மருந்து வந்துச்சு. சின்ன வயசுல மாத்திரையைக் கிழிஞ்ச பேப்பர்ல மடிச்சுத் தருவாங்க. என்ன மாத்திரைன்னு தெரியாது. ஆனா பேப்பர்ல பாதித் தொடர்கதை படிக்கலாம். (சிரிப்பு)

அதை மாற்றியதும் அரசாங்கப் பணம்தான். ஒழுங்காகச் செலவழித்த பணம். 1994-இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் என்று ஒன்றை ஆரம்பித்தார்கள். மாநிலம் முழுமைக்கும் ஒரே இடத்தில் டெண்டர். மொத்தமாக வாங்கினால் விலை இறங்கும் என்பது நம்ம வீட்டுப் பெண்களுக்குத் தெரியாததா? வந்த மருந்தை வெளியே சோதனைக்கு அனுப்பி, தேறினால்தான் ஆஸ்பத்திரிக்கு. ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் பாங்கு மாதிரி ஒரு பாஸ்புக். இவ்வளவு ரூபாய்க்கு எடுக்கலாம், எடுத்ததைக் கழித்துக்கொள். மாத்திரை அட்டையிலே அரசு முத்திரை, வெளியே கொண்டுபோய் விற்க முடியாது. கேரளமும் ராஜஸ்தானும் இதே மாதிரிக் கழகம் வைத்துக்கொண்டன.

‘கர்ப்பிணிகள் ஓய்வெடுக்கப் பழக வேண்டும்’ என்று ஒரு தம்பி பேசினார். தம்பிக்கு இன்னும் கல்யாணம் ஆகலை, விட்டுவிடுகிறேன். (சிரிப்பு) நாற்று நடுகிற பெண்ணுக்கு ஓய்வு வேணும்னு தெரியாதா தம்பி? ஒரு நாள் உட்கார்ந்தால் ஒரு நாள் கூலி போச்சு. அந்தக் கூலியைக் கொடுக்கத்தான் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரில் மகப்பேறு உதவி. 2006-இல் 6,000 ரூபாய், 2011-இல் 12,000, 2018-இல் 18,000 என்று ஏற்றினார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்திலே ராத்திரியும் நர்ஸ் இருக்க ஏற்பாடு செய்தார்கள். 2001-03 கணக்கில் தமிழ்நாட்டில் லட்சம் பிரசவத்துக்கு 134 தாய்மார்கள் இறந்தார்கள். 2018-20 கணக்கில் 54. அந்த 54-உம் யாரோ ஒரு வீட்டு விளக்குத்தான். அதனால்தான் இன்னும் பணம் கேட்கிறோம்.

நாட்டுக் கணக்கையும் பாருங்க. 2013-14-இல் வைத்தியத்துக்கு ஆன ஒவ்வொரு நூறு ரூபாயிலும் 64 ரூபாய் சனங்க கையிலிருந்து போச்சு. 2021-22-இல் அது 39 ஆனது. ஏன் இறங்கியது? அதே காலத்தில் அரசு போட்டது 29-லிருந்து 48-க்கு ஏறியது. மொத்த உற்பத்தியில் நூற்றுக்கு இரண்டரை போடுவோம் என்று 2017-இல் கொள்கை எழுதினார்கள். 2021-22-இல் இரண்டைக்கூடத் தொடவில்லை. மிச்சம் 39 ரூபாய்க்கு எத்தனை தோடு கழன்றிருக்கும்?

மணி அடிச்சிட்டாங்க. அம்மா, கை கழுவணும்னு சொன்னீங்களே, ஒத்துக்கிறேன். கழுவக் குழாயில தண்ணி வரணும், அதுக்கும் பைப்பு போடணும், அந்தச் செலவை எங்க கணக்குல எழுதிக்குங்க. (சிரிப்பு) வீட்டுக்குப் போனதும் தாத்தாவோட தம்பி பேர் என்னன்னு கேட்டுச் சொல்லுங்க. (கைதட்டல்)