பிடியரிசியின் கணக்கு



எடின்பரோவில் 1910 ஜூன் மாதம் உலக மிஷனரி மாநாடு கூடியபோது சுமார் 1,200 பிரதிநிதிகள் வந்திருந்தார்கள். ஆசியத் திருச்சபைகளின் சார்பில் வந்தவர்கள் 20 பேரைக்கூட எட்டவில்லை. அந்தச் சிலரில் ஒருவர் திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா. வயது 35.

மேல்நாட்டு மிஷனரிகள் பொருளையும் உயிரையும் கொடுத்ததை நன்றியோடு சொன்னார். அதோடு நிறுத்தியிருந்தால் கைதட்டி அனுப்பியிருப்பார்கள். மிஷனரிக்கும் இந்திய ஊழியருக்கும் இடையே இருப்பது சம்பளம் கொடுக்கிற எஜமானுக்கும் வாங்குகிற வேலைக்காரனுக்கும் உள்ள உறவு என்றும், தங்களுக்குத் தேவை நண்பர்கள் என்றும் சேர்த்துச் சொன்னார். பலருக்குக் கசந்தது.

இந்தக் கருத்தரங்கின் பொருளும் அந்தக் கசப்பிலிருந்துதான் தொடங்குகிறது. கடல் கடந்து ஏழைக் கிராமங்களுக்கு உதவி போகும்போது, கணக்குப் புத்தகம் யார் கையில் இருக்கிறது?

மேற்கு ஆப்பிரிக்காவின் சாமுவேல் அஜாயி குரோதரை எடுத்துக்கொள்ளலாம். சிறுவயதில் அடிமையாகப் பிடிபட்டவர். 1822இல் பிரிட்டிஷ் கப்பற்படை அவரை மீட்டது. 1864இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் ஆப்பிரிக்கப் பேராயர் ஆனார். சபை தன்னைத் தானே தாங்கி, தானே ஆண்டு, தானே பரவ வேண்டும் என்று எழுதிய ஹென்றி வென் லண்டனில் மிஷனரி சங்கச் செயலராக இருந்த காலம் அது. வென் 1873இல் மறைந்தார். 1890 வாக்கில் இளம் ஐரோப்பிய மிஷனரிகள் நைஜர் பகுதிக்கு வந்து குரோதரின் ஊழியர்கள்மீது குற்றப்பட்டியல் வாசித்தார்கள். முதிய பேராயர் ஓரங்கட்டப்பட்டார். 1891 கடைசி நாளில் அவர் இறந்தபின் அந்த இடத்துக்கு ஓர் ஐரோப்பியரையே அமர்த்தினார்கள். பேராயர் பட்டத்தைக் கொடுக்கத் துணிந்தவர்களுக்குப் பெட்டிச் சாவியைக் கொடுக்க மனம் வரவில்லை.

கொரியாவில் கதை வேறு. சீனாவில் ஊழியம் செய்த ஜான் நீவியஸ் 1890இல் சியோலுக்கு வந்து இரண்டு வாரமே தங்கினார். கோவில் கட்டுவதும் போதகருக்குச் சம்பளம் கொடுப்பதும் ஊர்ச்சபையின் பாடு என்பதே அவர் சொன்ன வழி. கொரியப் பெண்கள் சமைக்கும்போது ஒரு பங்கு அரிசியை எடுத்து வைத்தார்கள். ‘சொங்மி’ என்று அதற்குப் பெயர். 1907இல் முதல் ஏழு கொரியப் பிரஸ்பிட்டேரியன் போதகர்கள் குருப்பட்டம் பெற்றார்கள். அவர்களில் யி கி-புங் என்பவரைக் கடல் தாண்டி ஜேஜு தீவுக்கே மிஷனரியாக அனுப்பியது அந்த இளம் சபை. முன்பு ஒரு மிஷனரிமீது கல்லெறிந்தவர் அவர் என்று கொரியர்கள் இன்றும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

அசரியாவுக்கு உறைத்த இடம் யாழ்ப்பாணம். 1902இல் அங்கே போனவர், யாழ்ப்பாணத் தமிழ்க் கிறிஸ்தவ மாணவர்கள் தொண்டிக்கு மிஷனரி அனுப்பித் தாங்கிவருவதைக் கண்டார். நூறாண்டு வேர்விட்ட திருநெல்வேலிச் சபை யாரையும் அனுப்பவில்லையே என்ற வெட்கம் அவரைத் தின்றது. 1903 பிப்ரவரி 12 அன்று பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் தொடங்கியது. ஆளும் பணமும் நிர்வாகமும் இந்தியருடையதாகவே இருக்கும் என்பது அதன் ஏற்பாடு. நிஜாம் ஆட்சியிலிருந்த தோர்ணக்கல் அதன் களம். ஊர் வேறு, அரசு வேறு, மொழி தெலுங்கு. திருநெல்வேலிக்காரருக்கு அது வெளிநாடுதான். 1912இல் அந்த மண்ணின் பேராயரானார் அசரியா, ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர்.

அங்கே சபையில் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் மாலா, மாதிகா சமூகங்களின் கூலி விவசாயிகள். கூலி தானியமாக வந்தது. காசு கண்ணில் படுவது அரிது. அதனால் காணிக்கையும் தானியம்தான். உலை வைக்குமுன் ஒரு பிடி எடுத்துத் தனிக் கலயத்தில் போடுவது. பிடியரிசி! மிசோரத்தில் 1910இல் தொடங்கிய ‘புஃபாய் தாம்’ என்பதற்கும் இதே பொருள். அந்த அரிசியை விற்ற பணத்தில் மிசோ சபை இன்றும் வெளி மாநிலங்களுக்கு ஊழியர்களை அனுப்புகிறது.

இதை அழகான கதையாக மட்டும் பார்க்கக் கூடாது. ஒருவேளைக் கஞ்சி குடிக்கிற வீட்டில் அந்தப் பிடி யாருடைய வயிற்றிலிருந்து போனது? அநேகமாகச் சமைத்தவளுடையது. அவளாகவே கொடுத்தாளா, உபதேசியார் வாசலில் நின்றதால் கொடுத்தாளா? இந்தக் கேள்வியைச் சங்கங்களின் ஆண்டறிக்கைகள் கேட்பதில்லை. அவை நன்கொடையாளர்களுக்காக எழுதப்பட்டவை. உருக வைப்பதே அவற்றின் வேலை.

ஆகவே இங்கே கட்டுரை வாசிக்க வந்திருக்கும் இளம் ஆய்வாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். லண்டன் ஆவணக் காப்பகத்துக்குப் போகுமுன் சேகர அலுவலகத்து அலமாரியைத் திறந்து பாருங்கள். அறுப்பின் பண்டிகையில் ஏலம் போன கோழிக்கும் முட்டைக்கும் பூசணிக்கும் கணக்கு எழுதிய நோட்டுகள் இருந்தால், கரையான் தொடுமுன் படம் பிடித்து வையுங்கள். அவற்றை வாசித்துச் சொல்லக்கூடிய முதிய பெண்களிடம் இந்த ஆண்டே பேசுங்கள்.

முதல் அமர்வின் கட்டுரையாளர்கள் மேடைக்கு வரலாம்.