காற்றாலை இறக்கையும் சிக்கனக் கணக்கும்

காற்றின் வேகம் பாதியானால் அதன் ஆற்றல் எட்டிலொன்றாகக் குறைகிறது. ஆரல்வாய்மொழிக் கணவாய் போன்று காற்று மிகுந்த இடங்கள் நாட்டில் சிலவே. ஆதலால் மென்காற்றையும் பயன்படுத்தும் இறக்கை தேவைப்படுகிறது.

இறக்கையின் அடிப்பகுதி பெருஞ்சுமையைத் தாங்குவதால் தடித்திருத்தல் வேண்டும். தடித்த வடிவிலோ காற்றோட்டம் பரப்பை விட்டு எளிதில் விலகுகிறது. தூக்கு விசை குன்றுகிறது. முன்விளிம்பின் அருகே, சிறிது இடைவெளி விட்டு, ஒரு துணை இறக்கையைப் பொருத்தினால் காற்றோட்டம் பரப்பை ஒட்டியே செல்லும். விமானங்களில் இம்முறை நெடுங்காலமாக வழக்கிலுள்ளது.

ஆனால் கணக்கைப் பாருங்கள். இறக்கை நீளத்தில் அடிக் கால்பங்கு சுழன்று கடக்கும் பரப்பு, முழு வட்டத்தில் பதினாறிலொரு பங்கே. எனவே பெரிய காற்றாலைகளில் கூடுதல் மின்சாரம் சிறிதளவே கிடைக்கும். எடையும் பராமரிப்புச் செலவும் கூடும். சிறு காற்றாலைகளின் நிலை வேறு. அவை மென்காற்றில் சுழலத் தொடங்க அடிப்பகுதியே பெரிதும் துணைபுரிகிறது. மின்கம்பி எட்டாத குக்கிராமத்தில் காற்றாலை அசையாது நின்றால் விளக்கு எரியாது.

ஆகவே, ஆயுட்காலம் முழுவதும் கிடைக்கும் கூடுதல் மின்சாரத்தின் மதிப்பு, துணை இறக்கையின் செலவை விஞ்சுகிறதா என்பதே உரைகல். நுட்பத்தின் புதுமை மட்டும் முதலீட்டுக்குப் போதிய காரணமாகாது.