வீட்டில் மின்சார மோட்டார் வண்டிக்கு மின்னூட்டம்
(நல்லம்பள்ளிக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



மின்சார மோட்டார் வண்டி நமக்கு முற்றும் புதிதன்று. 2001-ஆம் ஆண்டிலேயே பெங்களூரில் 'ரேவா' என்னும் சிறு வண்டி விற்பனைக்கு வந்தது. இன்று தொப்பூர்க் கணவாயில் இத்தகைய வண்டிகள் ஓசையின்றி ஏறுகின்றன. இறங்குங்கால் செலவிட்ட மின்சாரத்தில் ஒரு பங்கைத் திரும்பவும் சேமித்துக்கொள்கின்றன. நம்மவரிலும் சிலர் இவ்வண்டியை வாங்கியுள்ளனர். ஆதலின் வீட்டில் மின்னூட்டும் முறையைப் பற்றிச் சில சொல்லத் துணிந்தேன்.

முதலாவது, அனுமதி. வீட்டிலுள்ள மின்னிணைப்பினின்றே சொந்த வண்டிக்கு மின்னூட்டலாமென்று மத்திய மின்சார அமைச்சகம் 2022-ஆம் ஆண்டு வெளியிட்ட நெறிமுறைகளில் தெளிவாகக் கூறியுள்ளது.

இரண்டாவது, கணக்கு. முப்பது யூனிட் கொள்ளும் மின்கலம் உடைய வண்டிக்கு, 3.3 கிலோவாட் கருவி ஒன்பது, பத்து மணி நேரம் எடுக்கும், 7.2 கிலோவாட் கருவி ஐந்து மணிக்குள் முடிக்கும். முன்னது 14 ஆம்பியருக்கு மேலும், பின்னது 31 ஆம்பியருக்கு மேலும் இடைவிடாது இழுக்கும். நாளொன்றுக்கு நாற்பது கிலோமீட்டர் ஓடுவோர்க்கு ஏறக்குறைய ஏழு யூனிட் போதும். இரவில் சில மணி நேரத்தில் அது நிரம்பிவிடும். ஆகவே பெரிய கருவியை விரும்புமுன், தேவையை எண்ணிப் பார்த்தல் நலம். பெரிய கருவிக்குப் பெரும்பாலும் மும்முனை இணைப்பும், அனுமதித்த மின்பளுவை உயர்த்துதலும் வேண்டியிருக்கும். இரண்டு மாதத்தில் நானூறு யூனிட் கூடினால், கட்டணப் படியும் உயரும் என்பதை மறவற்க.

மூன்றாவது, பாதுகாப்பு. இங்கே என் பிழையையே கூறுகிறேன். செலவுக்கு அஞ்சி, அடுக்களையின் பழைய பிளக்கிலிருந்து நீள்கம்பி இழுத்து வண்டியை மாட்டினேன். ஓரிரவு கருகிய நாற்றம் கேட்டு என் மனையாள் விழித்தாள். பிளக் உருகியிருந்தது, அடுத்த அறையில் பேரக்குழந்தைகள் உறங்கினர். மறுநாள் வந்த மின்பணியாளர் எர்த் கம்பியைச் சோதித்தார். அது மண்ணைத் தொடவேயில்லை! பல மணி நேரம் ஓயாது ஓடும் மின்சாரத்தை மெல்லிய கம்பி தாங்காதென்பதை அன்றே அறிந்தேன். மீட்டர்ப் பலகையினின்று தனிக்கம்பி, தனிச் சுவிட்சு, நல்ல எர்த், மின்கசிவு நேர்ந்தால் உடனே துண்டிக்கும் கருவி ஆகிய நான்கும் இன்றி மின்னூட்டுதல் தகாது.

நான்காவது, நேர்மை. நம்மிற் பலர் உழவர்; கிணற்று மோட்டாருக்கு அரசு இலவச மின்சாரம் தருகிறது. அந்த இணைப்பிலேயே வண்டியையும் மாட்டினாலென்ன என்று ஒருவர் என்னைக் கேட்டார். 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126-ஆம் பிரிவின்படி, ஒன்றற்கென அளித்த மின்சாரத்தை வேறொன்றற்குப் பயன்படுத்துதல் அனுமதியற்ற பயன்பாடாகும். உரிய கட்டணத்தைப் போல் இருமடங்கு செலுத்த நேரிடும். சட்டம் கிடக்கட்டும். பயிருக்கென்று நாடு அளித்த சலுகையை வண்டிக்குத் திருப்பினால், அச்சலுகைக்கே பழி வந்து சேரும். அப்பழியை வண்டியில்லாத ஏழை உழவனும் சுமப்பான் அன்றோ?

இறுதியாக இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. 1932-இல் பைக்காராவிலும், 1937-இல் மேட்டூரிலும் நீர்மின்சாரம் பிறந்தபோது, அத்தொழிலைக் கற்றவர் முன்னேறினர். இன்றும் அவ்வாய்ப்பு வாசலில் நிற்கிறது. தொழிற்பயிற்சி நிலையத்தில் மின்பணி கற்று, முறையான உரிமமும் பெறுக. கம்பி இழுக்கும் வேலையென்று யாரும் இகழற்க. அன்று என் வீட்டுக்கு வந்த பணியாளர் செய்தது, ஒரு குடும்பத்தின் உயிரைக் காத்த வேலை.

வண்டி வாங்குதல் பெருமையாயிருக்கலாம். அதனை அச்சமின்றி வீட்டில் நிறுத்தி உறங்குதலே சுகம்.